பதினேழாவது நிமிடத்து மீன்காரர்

செய்தி வந்தபோது நான் சிரித்துக்கொண்டிருந்தேன். இதை விட்டுவிட்டும் எழுதலாம். ஆனால் ஜெசிந்தா அக்காவைத் தெரிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். விட்டுவிட்டு எழுதினால் அவள் எந்த வரியில் என்னைப் பிடிப்பாள் என்று உங்களுக்கும் தெரியும்.

சாயங்காலம் ஆறே முக்கால் இருக்கும். அன்று அக்காவை எப்படிக் கையும் களவுமாகப் பிடித்தேன் என்று அம்மாவிடம் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். ஃபோன் அடித்தது. அக்காவின் தம்பி ஜெரின் அண்ணன்.

"அபிஷா, அக்கா போயிட்டா."

"எங்க போனா?"

"மூணு மணிக்கு. திருவனந்தபுரத்துல, ஆஸ்பத்திரியில."

நான் அழவில்லை. கணக்குப் போட்டேன். பள்ளியில் கணக்கில் முப்பத்தைந்தைத் தாண்டாதவள். இந்தக் கணக்கு மட்டும் உடனே வந்தது. "இல்ல அண்ணா. நாலரைக்கு அக்கா எங்ககூட எழுதிட்டு இருந்தாளே. அஞ்சு பத்து வரைக்கும் பேனாச் சத்தம் கேட்டுச்சே."

அந்தப் பக்கம் வண்டி ஓடுகிற இரைச்சல் மட்டும் கேட்டது. "அம்மாவுக்கு இன்னும் சொல்லல்ல பிள்ளே," என்றார் அண்ணன். "கொண்டு வந்துட்டுதான் சொல்லணும். உங்க குரூப்புக்கு மட்டும் சொல்லிரு."

சொன்னேன். யாரும் நம்பவில்லை. கீரிப்பாறையிலிருந்து தங்கப்பன் மாமா குரல் செய்தி அனுப்பினார்: "ஏட்டி அபிஷா, எதுல விளையாடணும்னு ஒரு இது இல்லியா? அவ பேனாச் சத்தத்த ரெண்டு மணிக்கூர் முன்னாடி இந்தக் காதால கேட்டேம்லா." கோட்டாறு நூர்ஜஹான் மாமி எழுதினார்: "பிள்ளே, அல்லாவுக்குப் பொறுக்காது. அந்த மெசேஜ அழிச்சிரு." அவர்களைக் குறை சொல்ல முடியாது. 'உங்கள் நாவலை ஏற்றுக்கொண்டோம், உடனே அனுப்பவும்' என்று இல்லாத ஒரு பதிப்பகத்தின் பேரில் மாமாவுக்குக் கடிதம் அனுப்பி, மூன்று நாள் அவரைத் தூங்கவிடாமல் செய்தவள் நான். 'சத்தியமாக' என்று நான் எழுத எழுத அவர்களுடைய சந்தேகம் கூடியது. மறுநாள் காலை அக்காவின் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் படம் எடுத்து அனுப்பிய பிறகுதான் மாமா என்னை அழைத்தார். வேறு கடையில் அடித்த போஸ்டர் அது. அந்தச் சுருள் சுருளான எழுத்து அக்காவுக்கு ஆகவே ஆகாது.

அவளைத் தெரியாத யாராவது இதைப் படித்தால், அவர்களுக்காக ஒரு பத்தி. மண்டைக்காட்டிலிருந்து உள்ளே வரும் சாலையில், வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரும் பிரின்டரும் வைத்து, கல்யாணக் கார்டு, கோயில் கொடை நோட்டீஸ், சபை ஆண்டறிக்கை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் டைப் செய்து கொடுத்தவள் ஜெசிந்தா அக்கா. வயது முப்பத்தாறு. கதை எழுதுகிறவர்களும் வருவார்கள். முதல் அத்தியாயத்தைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். இரண்டாவது வரவே வராது. "என் கம்ப்யூட்டர்ல முப்பத்தியொரு நாவல் ஒத்தக் கால்ல நிக்கி," என்பாள். ஒரு நாள் அந்த முப்பத்தொரு பேருக்கும் செய்தி அனுப்பினாள். தினமும் நாலரைக்கு எல்லாரும் ஒரே அழைப்பில் வாருங்கள், ஃபோனை மேசையில் வைத்துவிட்டு நாற்பது நிமிடம் எழுதுவோம், யாரும் பேசக் கூடாது. ஆறு பேர் வந்தார்கள். இரண்டு பேர்தான் நிலைத்தார்கள். தங்கப்பன் மாமா அரசு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். பதினோரு வருடமாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தார். நூர்ஜஹான் மாமி தையல் வேலை செய்கிறவர். மூன்றாவது நான். என்னை யாரும் அழைக்கவில்லை.

மரியாதையாக 'அவர்' என்று எழுதச் சொன்னார் மாமா. எழுதிப் பார்த்தேன். வேறு யாரோ செத்துப்போனது போல இருந்தது. அடித்துவிட்டேன்.

நான் முதலில் அவள் கடைக்குப் போனது ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க. பிளஸ் ஒன் அரையாண்டுத் தேர்வில் இறந்துபோன என் கணக்கு மதிப்பெண்ணுக்காக. 'முப்பத்தைந்து மதிப்பெண்கள் வாழவேண்டிய வயதில் இருபத்தொன்றிலேயே எங்களைப் பிரிந்த கணக்கே, உன்னைப் பிரிந்து வாடும் இயற்பியல், வேதியியல் மற்றும் உற்றார் உறவினர்.' வகுப்புக் கதவில் ஒட்டுவதற்கு. அக்கா சிரிக்காமல் டைப் செய்தாள். செய்துவிட்டுக் கேட்டாள்:

"அகால மரணம்னு போடட்டா?"

"போடுங்க."

"படிச்சிருந்தாத்தான் மக்ளே அது அகாலம்."

அப்புறம் பிரின்டர் ஓடுகிற நேரத்தில், "இதே மாதிரி நாலு பக்கம் எழுதுவியா?" என்றாள். நாலு வரிதான் என் எல்லை, நாலாவது வரியில் எல்லாரும் சிரித்துவிடுவார்கள், அதோடு என் வேலை முடிந்தது என்றேன். அவள் தாளை எடுத்து என் கையில் தந்தாள். "சிரிக்க வச்சிட்டு ஓடிராத. நின்னு பாரு." என்ன சொல்கிறாள் என்று அன்று எனக்குப் புரியவில்லை. புரியாத ஆளைச் சீண்டிப் பார்ப்பது என் வழக்கம். மறுநாள் நாலரைக்கு அந்த அழைப்பில் புகுந்தேன்.

அவள் யார் எழுத்தையும் படித்துக் கருத்துச் சொன்னதில்லை. "எனக்கு நல்லது கெட்டது தெரியாது. உக்காந்தியா, உக்காரல்லியா, அது மட்டும் தெரியும்." நாலரைக்கு, "சொல்லிட்டு உக்காருங்க," என்பாள். இன்று என்ன எழுதப் போகிறோம் என்று ஆளுக்கு ஒரு வரி சொல்ல வேண்டும். ஐந்து பத்துக்கு, "நடந்துச்சா, கிடந்துச்சா?" என்று கேட்பாள். ஒரே சொல்லில் பதில். 'கிடந்துச்சு' என்று சொன்னால் ஏன் என்று கேட்க மாட்டாள். "சரி, நாளைக்கு" என்பாள். இடையில் நாற்பது நிமிடமும் கீரிப்பாறை மழையும் கோட்டாற்று வண்டிகளின் ஹாரனும் அவள் வீட்டு மின்விசிறியும் ஒரே அறையில் இருப்பது போலக் கேட்கும்.

தங்கப்பன் மாமாவுக்கு ஒரு வரி எழுதினால் ஒரு கட்டன் சாயா. எழுந்து போய்ப் போட்டுக் குடித்து வருவதற்குள் அடுத்த வரி ஓடிவிடும். ஃப்ளாஸ்கில் போட்டுப் பக்கத்தில் வைக்கச் சொன்னாள் அக்கா. வைத்தார். இப்போது வரி எழுதாமலே சாயா குடித்தார். ஒரு நாள் ஐந்து பத்துக்கு அவள் சொன்னாள்: "அண்ணாச்சி, உங்களுக்குச் சாயா தாகம் இல்ல. அடுத்த வரிய நினைச்சா ஒரு வெப்ராளம், ஒரு பதட்டம். அது வந்த உடனே எந்திரிக்காதிய. பக்கத்துல ஒரு தாள் வச்சு 'சாயா'ன்னு எழுதிட்டு இருங்க." அந்தத் தாளுக்கு நாய்த்தாள் என்று பெயர் வைத்தாள். குரைக்கிறதை எல்லாம் அதில் கட்டிப் போட வேண்டும். முதல் வாரம் மாமாவின் நாய்த்தாளில் இருபத்தாறு சாயா, நான்கு 'ரேஷன் கடை', ஒரு 'மனைவி கூப்பிடுகிறாள்'. கொஞ்சம் கொஞ்சமாக அந்தத் தாள் வெளுத்தது. நாவல் கறுத்தது.

நூர்ஜஹான் மாமிக்கு வேறு நோய். அவரிடம் பதினொரு முதல் அத்தியாயம் இருந்தது, ஒரே கதைக்கு. எங்கே தடுக்கினாலும் திரும்பப் போய்த் தொடக்கத்தை மாற்றுவார். "மைனி, நீங்க வாசலையே தூத்துக்கிட்டு நிக்கிய. வீட்டுக்குள்ள பொணம் கிடந்தாலும் தெரியாது," என்றாள் அக்கா. தொடக்கம் எழுதவே வேண்டாம், நடுவிலிருந்து குதியுங்கள் என்றாள். அன்றிலிருந்து மாமி நாலரைக்கு ஒரே சொல்தான் சொல்வார்: "நடு."

இனி என் கதை. எனக்கு உட்கார முடியவில்லை. ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு ஒரு நாள், காகிதத்தில் பேனா ஓடுகிற சத்தத்தை நாற்பது நிமிடம் பதிவு செய்தேன். நாலரைக்கு அம்மா ஃபோனில் அதை ஓடவிட்டு, என் ஃபோன் பக்கத்தில் வைத்துவிட்டு, சைக்கிள் எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய்விட்டேன். ஐந்து எட்டுக்கு வந்து உட்கார்ந்து, "நடந்துச்சு அக்கா," என்றேன். இப்படி எட்டு நாள். ஒன்பதாவது நாள் மற்றவர்கள் போனபின் அக்கா என்னை மட்டும் நிறுத்தினாள்.

"உன் பேனா கொள்ளாம் மக்ளே, நல்ல பேனா. ஒரு தடவை கூட நிக்கவே மாட்டேங்கு. ஒண்ணையும் அடிக்கவும் மாட்டேங்கு."

நான் அம்மா ஃபோனைத் தலையணைக்கு அடியில் தள்ளினேன்.

"எழுதுத பேனாவுக்கு மூச்சு வாங்கும். தப்பா ஓடும், திரும்பி வந்து அடிக்கும். உன்னுது ரயில் மாதிரி போவுது. எங்க போவுது?"

திட்டவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. நான்தான் வெட்கம் கெட்டு அந்தத் தந்திரத்தை அவளுக்கு விளக்கினேன். எந்த ஃபோனை எங்கே வைக்க வேண்டும், சத்தத்தை எவ்வளவு வைத்தால் உண்மை போலக் கேட்கும் என்று. "கள்ளி," என்று சொல்லிச் சிரித்தாள். ஆனால் கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

போன மாதம் ஒரு நாள் குழுவில் அவளிடமிருந்து செய்தி வந்தது. தொண்டை கட்டிவிட்டது, சில நாள் பேச மாட்டேன், கடை நம்பரிலிருந்து வந்து எழுதிக்கொண்டு இருப்பேன். நாலரைக்கு அவள் ஃபோனிலிருந்து 'சொல்லிட்டு உக்காருங்க' என்று எழுத்தில் வரும். கடை நம்பர் அழைப்பில் சேரும். மின்விசிறி, நாற்காலி முனகல், பேனா. ஐந்து பத்துக்கு 'நடந்துச்சா, கிடந்துச்சா?' எழுத்தில் வரும். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, மீன்காரரைத் தவிர.

அவர் அக்கா வீட்டுத் தெருவில் ஸ்கூட்டரில் பெட்டி கட்டிக்கொண்டு சாயங்கால மீன் விற்பவர். பாம், பாம் என்று ரப்பர் ஹாரன் அடித்து, "நெத்திலி, நெத்திலி," என்பார். நான்காவது நாள் எனக்கு லேசாக உறைத்தது. ஐந்தாவது நாள் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். பதினேழாவது நிமிடம். பாம், பாம், நெத்திலி. ஆறாவது நாளும் பதினேழாவது நிமிடம், நெத்திலி. மண்டைக்காட்டுக் கடலில் வேறு மீனே இல்லையா?

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அக்கா ஓடுகாலி ஆகிவிட்டாள்! எங்களை உட்கார வைத்துவிட்டு, என் தந்திரத்தாலேயே எங்கோ ஊர் சுற்றுகிறாள்! உடனே சொல்லிவிடவில்லை. இப்படி ஒன்று வாழ்க்கையில் ஒருமுறைதான் கிடைக்கும். பழுக்க வைத்துப் பறிக்க வேண்டும். எட்டு நாள் என்னை அவள் விட்டு வைத்தாள் அல்லவா? நானும் விட்டு வைத்தேன். தினமும் பதினேழாவது நிமிடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

பதினான்காவது நாள் 'சொல்லிட்டு உக்காருங்க' வரவில்லை. கடை நம்பர் மட்டும் சேர்ந்தது. மின்விசிறி கேட்டது, பேனா கேட்டது. டவர் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று உட்கார்ந்துவிட்டோம். ஐந்து பத்து ஆயிற்று. 'நடந்துச்சா' வரவில்லை. அந்த இடைவெளி எனக்காகவே விட்டது போல இருந்தது.

"அக்கா," என்றேன் சத்தமாக. "பதினாலு நாளா ஒரே நெத்திலி! அது கருவாடே ஆயிருக்கும், இன்னுமா விக்காரு அந்த ஆளு? ஏமாத்துச் சவமே, எந்திரிச்சு வா!"

மாமாவுக்கும் மாமிக்கும் விஷயம் புரியவில்லை. நான் சிரித்ததால் அவர்களும் சிரித்தார்கள். அக்கா பக்கமிருந்து ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. சேலை உரசுகிற சத்தம். பிறகு இணைப்பு போய்விட்டது.

எங்கள் ஊரில் பால் திரிந்தாலும் சவம் என்போம், பஸ் வராவிட்டாலும் சவம் என்போம். அந்தச் சொல்லைச் சொல்வதை விட்டுவிட்டேன் என்று மட்டும் இங்கே எழுதுகிறேன்.

அடக்க ஆராதனையில் நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். பெட்டியருகே போகவில்லை. நான்கு நாள் கழித்து ஜெரின் அண்ணன் வந்து, அம்மா கூப்பிடுகிறாள் என்றார். அக்காவின் அம்மா பாக்கியத்தம்மா கடை அறையில், கம்ப்யூட்டர் முன்னால் இருந்த நாற்காலியில் உட்காராமல், பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"நீதானா மக்ளே, நெத்திலின்னு சொல்லிச் சிரிச்ச பிள்ளை?"

தலையாட்டினேன்.

"எனக்கு ஒண்ணும் விளங்கல்ல அன்னைக்கு. யாரோ மீன் கேக்காவன்னு நினைச்சேன்."

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ரத்தத்துல என்னமோ கேடுன்னு டாக்டர் சொன்னாரு. ஆஸ்பத்திரியில கிடத்திப் பாக்கணும்னாரு. போறதுக்கு முந்தின நாளு இந்தப் பழைய ஃபோனை எங்கிட்ட தந்தா. 'அம்மா, நாலரைக்கு வாசல் கதவச் சாத்திட்டு, இதை அந்தக் கடை ஃபோன் பக்கத்துல வச்சு அமுக்கு. அமுக்கிட்டு சத்தம் காட்டாம இரு'ன்னா. எத்தன நாளைக்குட்டின்னு கேட்டேன். 'தங்கப்பன் அண்ணாச்சி முடிஞ்சுன்னு சொல்லுத வரைக்கும்'னா. பதினாலு நாளும் நானும் பக்கத்துலயே இருந்து கேப்பேன். அவ உள்ள இருக்கது மாதிரியே இருக்கும். அன்னைக்கும் அப்பிடித்தான் அமுக்குனேன். எனக்குத் தெரியுமா மக்ளே?"

ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. எனக்கே தெரியும். போன வருடம் தங்கப்பன் மாமாவின் மனைவிக்கு ஆபரேஷன் நடந்தபோது, நாலரை மணி அழைப்பு முழுக்க நலம் விசாரிப்பாகப் போயிற்று. ஏழு வாரம் யாரும் ஒரு வரி எழுதவில்லை. மாமா நாவலைக் கட்டிப் பரணில் போட்டார். அதைத் திரும்ப இறக்க வைக்க அக்கா பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். "நோயைப் பத்திப் பேசத் தொடங்குனா, அது நாவலுக்கும் ஒட்டிரும்," என்றாள் அப்போது. இப்போது மாமா கடைசி அத்தியாயத்தில் இருந்தார்.

பாக்கியத்தம்மா இன்னொன்றும் சொன்னார். "ரெண்டு தடவ எடுத்தா அந்தச் சத்தத்த. முதல்ல எடுத்தது சுத்தமா இருந்துச்சு. ரெண்டாவதுல மீன்காரன் வந்து விழுந்துட்டான். முதல்ல எடுத்ததையே போட்டிரலாமேன்னேன். 'இல்லம்மா, இது கிடக்கட்டும். ஒரு கள்ளி கண்டுபிடிப்பா'ன்னா."

கள்ளி கண்டுபிடித்தாள். ஐந்தாவது நாளே கண்டுபிடித்தாள். கண்டுபிடித்து என்ன செய்தாள்? 'அக்கா, நீ எங்கே இருக்கிறாய்?' என்று ஒரு செய்தி அனுப்பியிருந்தால் சொல்லியிருப்பாளோ மாட்டாளோ, அது கிடக்கட்டும். எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. பத்து நாள் எனக்குத் தோன்றியதெல்லாம் நெத்திலி. எனக்கென்று ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனாள் அவள். நான் அதில் காதை வைத்துச் சிரித்துவிட்டு வந்தேன்.

மேசையில் அவள் நோட்டு இருந்தது. தினமும் நாற்பது நிமிடம் இவள் என்னதான் எழுதுகிறாள் என்று எங்களுக்குள் பந்தயமே உண்டு. நாவல் என்றார் மாமா. டயரி என்றார் மாமி. மண்டைக்காட்டு அம்மனுக்கே போட்டியாக ஊர்க்காரர்களின் குற்றப் பட்டியல் என்றேன் நான். நான்தான் கொஞ்சம் பக்கத்தில் வந்தேன். அவள் எழுதியது எங்களை. '4.41. அண்ணாச்சி எழுந்தார். குழாய்ச் சத்தம். 4.43. உட்கார்ந்தார்.' 'மைனி தைக்கிறாள், எழுதவில்லை. விடு.' 'அபிஷா. பொய்ச் சத்தம். மூன்றாம் நாள்.' 'அபிஷா. பொய்ச் சத்தம். எட்டாம் நாள். வருவாள்.' எல்லா நாளும் இப்படியே. நாங்கள் எழுதியதாக நினைத்த நேரமெல்லாம் ஒருத்தி எங்களைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் ஆஸ்பத்திரிக்குப் போன பதினான்கு நாள்தான் எங்களை யாரும் கேட்கவில்லை. நாங்கள் அவளைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

கடைசிப் பக்கம் அந்தப் பதிவு எடுத்த நாளுடையது. அன்று கேட்பதற்கு யாரும் இல்லை. சத்தத்துக்காக எதையாவது எழுத வேண்டும். எங்கள் மூன்று பேர் பெயரைத் திரும்பத் திரும்ப எழுதியிருந்தாள். பக்கத்தின் அடியில் ஒரு வரி மட்டும் வேறு. படிக்க முடியாதபடி அடித்திருந்தாள். தாளைத் திருப்பிப் பின்பக்கத்துத் தழும்பைத் தடவினால் படித்துவிடலாம். இந்த மாதிரி வேலையில் நான் கெட்டிக்காரி. விரலை வைத்தேன். வைத்துவிட்டு எடுத்துவிட்டேன்.

பழைய ஃபோனை பாக்கியத்தம்மா என்னிடம் தந்தார். அதன்பிறகு எங்களுக்குள் சண்டை. "அந்தச் சத்தத்தப் போடு மக்ளே," என்று மாமா தினமும் அழைத்தார். "அது இல்லாம கை ஓடல்ல. ரெண்டே அத்தியாயத்துக்கு உள்ளதுதான் பாக்கி இருக்கு."

"கடைசி அத்தியாயம்னுல்லா சொன்னிய?"

"கடைசிதான். இப்ப ரெண்டா நீண்டுட்டு."

மாமி ஒத்துக்கொள்ளவில்லை. "மௌத்தான பிள்ளைய உக்கார வச்சு வேலை வாங்குததா? நான் வர மாட்டேன் பாத்துக்கோ."

நான் வீட்டில் தனியாக ஒருமுறை போட்டுக் கேட்டேன். பதினேழில் மீன்காரர் வந்தார். முப்பத்தொன்றில் பேனா நின்றது. ஏறக்குறைய இரண்டு நிமிடம் மின்விசிறி மட்டும். பிறகு அழுத்தமாக, சர்ரென்று ஒரு கோடு, அதன்மேல் இன்னொன்று. எனக்குச் சொல்லித் தந்தது போலவே, பொய்யிலும் மூச்சு வாங்கி, பொய்யிலும் அடித்திருக்கிறாள். அதற்குமேல் கேட்க முடியவில்லை. அது ஓடுகிற வரைக்கும் அவள் ஓர் அறையில் இருக்கிறாள். நின்றதும் இல்லாமல் போகிறாள். தினமும் ஐந்து பத்துக்கு அவளைச் சாகடிக்க என்னால் ஆகாது. ஃபோனைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"அம்மா, நாலரைக்கு நீங்க வாறியளா?"

"எனக்கு என்ன மக்ளே எழுதத் தெரியும்?"

"எழுதாண்டாம். உக்காந்தாப் போதும்."

அன்று நாலரைக்குக் கடை நம்பர் சேர்ந்தது. நான்தான், "சொல்லிட்டு உக்காருங்க," என்றேன். மாமா, "கடைசி அத்தியாயம்," என்றார். மாமி, "நடு." பாக்கியத்தம்மா, "முருங்கைக்கீரை உருவுகேன்." நான், "ஜெசிந்தா அக்கா."

மின்விசிறி கேட்டது. கீரை உருவுகிற சத்தம் கேட்டது. பதினாறு நிமிடம் எல்லாரும் எழுதினோம், அல்லது எழுதுவது போல இருந்தோம். பதினேழாவது நிமிடத்தில் மூன்று பேனாவும் நின்றன. யாரும் சொல்லிவைக்கவில்லை. நின்று, காத்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் வரவில்லை. பதினெட்டு. பத்தொன்பது. மாமியின் மூச்சு தடுமாறுவது கேட்டது.

இருபத்தொன்றாவது நிமிடத்தில் பாம், பாம்.

"சாளை, சாளை."

"இன்னைக்கு வேண்டாம்பா!" என்று பாக்கியத்தம்மா கத்தினார், பேசக் கூடாது என்பதை மறந்து.

யாரும் சிரிக்கவில்லை, நான்கூட. மாமாவின் பேனாதான் முதலில் அசைந்தது. ஐந்து பத்துக்கு யார் கேட்பது என்று நாங்கள் தயங்கியபோது பாக்கியத்தம்மாவே கேட்டார்: "நடந்துச்சா மக்களே, கிடந்துச்சா?" அக்கா தினமும் முன்னறையில் கேட்ட கேள்வியும் நாங்கள் சொன்ன பதிலும் அவர் காதில் விழுந்துகொண்டுதானே இருந்தன.

"நடந்துச்சு," என்றார் மாமா.

அதன்பிறகும் அவர் முடிக்கவில்லை. கடைசிப் பக்கம் என்பார். மறுநாள் இன்னும் அரைப் பக்கம் என்பார். வேண்டுமென்றே இழுக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. 'முடிஞ்சு' என்று சொல்லிவிட்டால் அக்கா ஒப்படைத்துவிட்டுப் போன வேலையும் தீர்ந்துபோகும். அடுத்த நாள் பிறகு யாருக்காக உட்காருவது? ஒரு வாரம் கழித்து அவரைத் தனியே அழைத்தேன்.

"மாமா, உங்க பேனா ரொம்ப நிதானமா போவுதே. எங்க போவுது?"

"அவ கேட்ட மாதிரியே கேக்கியே பிள்ளே," என்றார்.

முந்தாநாள் ஐந்து பத்துக்கு மாமா, "முடிஞ்சு," என்றார். குரல் அவருடையது போல இல்லை. பாக்கியத்தம்மா மெதுவாகக் கேட்டார், "அப்ப, நாளைக்கு உக்காரண்டாமா?"

"எனக்கு நடுவுதான் ஆயிருக்கு," என்றார் மாமி.

"அபிஷாவுக்கு?"

"நான் இன்னும் அடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன் அம்மா," என்றேன்.

அந்தப் பதிவு பாக்கியத்தம்மாவிடம் இருக்கிறது. நான் எனக்கென்று எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. அவள் நோட்டும் அந்த மேசையில்தான் இருக்கிறது, அடித்த வரியோடு. அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். முன்பெல்லாம் ஒரு வரி தப்பாகப் போனால் தாளைக் கிழித்துவிட்டு ஒரு ஜோக் சொல்லுவேன். இப்போது அந்த இடத்திலேயே நின்று அடிக்கிறேன். இந்த அஞ்சலியை ஒன்பது நாலரைகளில் எழுதினேன். நெத்திலிப் பத்தியை மட்டும் ஆறு முறை அடித்தேன். அடிக்கும்போது பேனாவை நன்றாக அழுத்தி, ஃபோனுக்குப் பக்கத்தில் தாளை வைத்து, கடை நம்பர் வரைக்கும் கேட்கும்படி அடித்தேன்.